ஒரு கவிதைக்குள் உங்களைத் தேடுவது எப்படி? புறநானூறு 243-ஐ வைத்து ஒரு முழு வழிகாட்டி

கவிதை வாசிக்கப் பிடிக்கிறது, ஆனால் அதில் தனக்கென்று என்ன இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்கள்மேல் தவறில்லை. பள்ளிக்கூடத்தில் பொருள் கூறுக, நயம் பாராட்டுக, ஆசிரியர் குறிப்பு வரைக என்றுதான் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் வாசிக்கிறவருக்கு இடமே கிடையாது. இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் உண்டு. எந்தக் கவிதையை எடுத்தாலும் "என் கதையைத்தான் எழுதியிருக்கிறார்" என்று நெகிழ்ந்துவிடுவது. அதில் வாசிக்கிறவர் மட்டும்தான் இருப்பார், கவிதை இருக்காது.

இந்த வழிகாட்டி இரண்டுக்கும் நடுவில் போகிறது. கவிதை என்ன சொல்கிறது என்பதில் கறாராக இருந்துகொண்டு, அதே சமயம் அதை வைத்து நம்மைப் பற்றி, நாம் மாறியதைப் பற்றி, ஒரு புது விஷயத்தைத் தெரிந்துகொள்ள முடியும். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிதையை வாசிக்காமலேயே உங்களால் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைக் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டு வராதீர்கள். "காலம் எல்லாவற்றையும் மாற்றும்" என்பது உண்மைதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் கவிதை தேவையில்லை.

முதல் படி: எந்தக் கவிதை?

சிறியதாக இருக்கட்டும். ஒரே அமர்வில் பலமுறை படிக்கக்கூடிய அளவு போதும். அறிவுரையாக முடிகிற கவிதைகளை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். முடிவை அவையே சொல்லிவிடுவதால் நமக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலை இருக்காது. பேசுகிற ஆள் இரண்டு காலத்தில் இருக்கிற கவிதையாகப் பாருங்கள்: அன்று ஒருவர், இன்று வேறொருவர், இருவரும் ஒரே ஆள். மாற்றத்தைப் பற்றி யோசிக்க அந்த இடைவெளிதான் இடம் தரும். அப்புறம், படித்தவுடன் முழுதாக ஒத்துப்போகிற கவிதையைவிட, எங்கோ ஒரு இடத்தில் இடறுகிற கவிதை நல்லது.

எனக்கு இதற்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார்.

இனி நினைந்து இரக்கம் ஆகின்று; திணி மணல்
செய்வுறு பாவைக்குக் கொய் பூத் தைஇ,
தண் கயம் ஆடும் மகளிரொடு கை பிணைந்து,
தழுவுவழித் தழீஇ, தூங்குவழித் தூங்கி,
மறை எனல் அறியா மாயம் இல் ஆயமொடு
உயர் சினை மருதத் துறை உறத் தாழ்ந்து
நீர் நணிப் படி கோடு ஏறி, சீர் மிகக்
கரையவர் மருள, திரையகம் பிதிர,
நெடு நீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து,
குளித்து மணற் கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே, யாண்டு உண்டு கொல்லோ,
தொடித் தலை விழுத் தண்டு ஊன்றி, நடுக்குற்று,
இருமிடை மிடைந்த சில சொல்
பெரு மூதாளரேம் ஆகிய எமக்கே?

நீங்கள் வேறு கவிதையை எடுத்துக்கொள்ளலாம். புதுக்கவிதையாகக்கூட இருக்கட்டும். கீழே உள்ள படிகள் அதற்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: நடந்ததை மட்டும் சொல்லுங்கள்

உங்கள் உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கவிதையில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பழைய பாட்டு என்றால் உரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் உரையைச் சொற்பொருளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். "இதனால் புலவர் உணர்த்துவது" என்று தொடங்கும் வரி வந்ததும் உரையை மூடிவிடுங்கள்.

இந்தப் பாட்டில் நடப்பது இது. ஒரு முதியவர், இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது என்று தொடங்குகிறார். இறுகிய மணலில் பாவை செய்து அதற்குப் பறித்த பூவைச் சூட்டி விளையாடியது, குளிர்ந்த குளத்தில் நீராடும் பெண்களோடு கைகோத்து ஆடியது, அவர்கள் தழுவினால் தழுவி, அசைந்தால் அசைந்தது. ஒளிவுமறைவு என்றால் என்னவென்றே தெரியாத, கள்ளமில்லாத கூட்டம். நீரருகே தாழ்ந்து கிடக்கும் மருத மரக் கிளையில் ஏறுகிறார்கள். கரையில் நிற்பவர்கள் திகைக்க, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, மூழ்கி, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறார்கள். அந்தக் கல்லாத இளமை இரங்கத்தக்கது, அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். கேட்பவர், பூண் போட்ட பெரிய தடியை ஊன்றி, உடல் நடுங்க, இருமலுக்கு இடையே சில சொல் மட்டும் பேச முடிகிற பெருங்கிழவர்.

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி: கவிதையில் இல்லாத எதையாவது சேர்த்துவிட்டீர்களா? பெரும்பாலும் சேர்த்திருப்போம். "தனிமையில் வாடும் முதியவர்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தனிமை என்று பாட்டில் எங்கும் இல்லை. சொல்லப்போனால் அவர் "எமக்கு" என்று பன்மையில்தான் முடிக்கிறார். அது தன்னை மட்டும் குறித்ததா, கூட இன்னும் சில கிழவர்கள் இருக்கிறார்களா என்று பாட்டு சொல்வதில்லை. நீங்கள் உங்களை அறியாமல் சேர்த்த சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். தனியாக ஒரு மூலையில் குறித்து வையுங்கள். அது கவிதையைப் பற்றிய தகவல் இல்லை, உங்களைப் பற்றிய தகவல். பின்னால் தேவைப்படும்.

இதோடு கவிதையின் சுற்றுப்புறத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. இந்தப் பாட்டின் திணை பொதுவியல், துறை கையறுநிலை. கையறுநிலை என்பது பெரும்பாலும் இறந்துபோன மன்னனையோ வள்ளலையோ நினைத்துச் செயலற்றுப் பாடும் துறை. இதற்கு முந்தைய 242-ஆம் பாட்டும் அதே துறைதான்: ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்த பிறகு, யார் சூடுவதற்காகப் பூத்தாய் என்று குடவாயிற் கீரத்தனார் முல்லையைக் கேட்கும் புகழ்பெற்ற பாட்டு. அதற்கு அடுத்து வரும் இந்தப் பாட்டில் யாரும் சாகவில்லை. இழந்த மனிதர் பாடுகிறவரேதான், அவருடைய பழைய ஆள். ஒருவர் தன் முந்தைய உருவத்துக்குத் தானே இரங்கற்பா பாடலாம் என்பதை இந்தத் தொகுப்பு முறை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது பாருங்கள்.

மூன்றாம் படி: வாய்விட்டுப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி அர்த்தம் இங்கேதான் கிடைக்கிறது.

பாட்டைச் சத்தமாகப் படித்தால் ஒன்று தெரியும். இரண்டாம் வரியிலிருந்து பத்தாம் வரி வரை நிறுத்த இடமே இல்லை. தைஇ, பிணைந்து, தழீஇ, தூங்கி, ஏறி, பாய்ந்து, குளித்து என்று எச்சம் எச்சமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஓடச் சொல்கிறது. மூச்சு வாங்காமல் படித்துப் பாருங்கள், குதிக்கிற இடம் வரும்போது உங்களுக்கே மூச்சு முட்டும். முதுமை வந்ததும் நடை மாறிவிடுகிறது. ஊன்றி, நடுக்குற்று, அவ்வளவுதான். கடைசிக்கு முந்தைய வரி மற்ற வரிகளைவிடக் குட்டை. ஆசிரியப்பாவில் ஈற்றயலடி இப்படி மூன்று சீரில் வருவது வழக்கமான இலக்கணம்தான். ஆனால் அந்தக் குட்டை வரியில் அவர் வைத்திருப்பது எதை? "இருமிடை மிடைந்த சில சொல்." இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேச முடிகிற அந்த வரியே சில சொல்லோடு நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். சில சொல் மட்டும்தான் பேச முடியும் என்கிற இதே ஆள்தான், இப்போது, ஒன்பது வரி மூச்சுவிடாமல் தன் குளத்தைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார். இளமை யாண்டுண்டு என்று கேட்கிறவரின் குரலில் அந்த இளமை ஓடுகிறது. இதை அவர் எங்கும் சொல்லவில்லை, நடை சொல்கிறது.

உங்கள் கவிதையில் இதற்கு என்ன பார்க்கலாம்? எங்கே வாக்கியம் நீள்கிறது, எங்கே உடைகிறது, எந்த ஓசை திரும்ப வருகிறது. கையால் ஒருமுறை எழுதிப் பார்ப்பதும் இதற்கு உதவும். கண் தாவிப் போகிற சொல்லைக் கை தாவ முடியாது.

நான்காம் படி: எங்கே நிற்கிறீர்கள்?

மறுபடி மெதுவாகப் படித்து, உங்களை நிறுத்துகிற ஒரு இடத்தைக் குறியுங்கள். ஒன்றே ஒன்று. அழகான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. புரியாத இடம், எரிச்சல் தருகிற இடம், "இதை ஏன் சொல்கிறார்?" என்று தோன்றுகிற இடம் எல்லாமே சரிதான். இதே பாட்டில் ஒருவர் கைகோத்த இடத்தில் நிற்பார், ஒருவர் இருமலில் நிற்பார்.

நான் நிற்பது மணலில். குளத்தின் அடியிலிருந்து மணலை எதற்கு அள்ளி வரவேண்டும்? ஆழத்தைத் தொட்டேன் என்று காட்டத்தான். கரையில் நிற்பவர்களுக்கு வேறு சான்று கிடையாது. மணல் இல்லாமல் மேலே வந்தால், பாதி தூரம் போய்விட்டுத் திரும்பினானா என்று யாருக்குத் தெரியும்?

நின்ற இடம் கிடைத்ததும், அந்தச் சொல்லோ அந்தப் பொருளோ வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். மணல் பாட்டில் இரண்டு முறை வருகிறது. முதலில் பாவை செய்த திணிமணல், கடைசியில் மடுவின் அடிமணல். முதல் மணல் விளையாட்டுக்கு. இரண்டாவது மணல் பெருமைக்கு. நடுவில் கொஞ்சம் வயது ஏறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதுமை வருவதற்கு முன்பே, அந்த இளமைக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்துவிட்டது. அதேபோல் கையைத் தேடிப் பாருங்கள். அன்று அந்தக் கை இன்னொரு கையைக் கோத்திருந்தது, இன்று தடியை ஊன்றியிருக்கிறது. அன்றைய ஓசை துடும், இன்றைய ஓசை இருமல். இப்படி ஜோடி ஜோடியாகக் கிடைக்கிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாற்றத்தைப் பற்றி ஒரு கவிதை நினைப்பது பெரும்பாலும் இந்த ஜோடிகளில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: இப்போது உங்களைக் கேளுங்கள்

இதுவரை கவிதையைக் கேட்டோம். இனிமேல் கவிதை கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். கேள்வி கண்டிப்பாக நீங்கள் நின்ற வரியிலிருந்து பிறக்க வேண்டும். "நான் எப்படி மாறியிருக்கிறேன்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

"கரையவர் மருள" என்ற இடத்தில் நிற்கிறவர் கேட்கக்கூடியது: அந்த வயதில் நான் துணிந்து செய்தவற்றில், யாருமே பார்க்காவிட்டாலும் செய்திருக்கக்கூடியது எது? நான் இழந்துவிட்டதாக நினைப்பது அந்தத் துணிச்சலையா, கரையில் நின்று பார்த்த ஆட்களையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லச் சிலருக்கு நாள் கணக்கில் ஆகும். பாட்டின் கடைசி மூன்று வரிகளில் பார்க்கிறவர் என்று யாருமே சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மறை எனல் அறியா மாயம் இல் ஆயம்" என்ற இடத்தில் நிற்பவருக்குக் கேள்வி வேறு: நான் மறைக்கக் கற்றுக்கொண்டது எப்போது, யாரிடமிருந்து? "கல்லா இளமை"யில் நிற்பவருக்கு இன்னும் சிக்கல். கல்லாத என்பதை ஒன்றும் அறியாத என்று எடுத்தால் அது பேதைமை. யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்த என்று எடுத்தால் அது ஒரு வரம். அன்றைய உங்களை நினைக்கும்போது இரண்டில் எது முதலில் வாயில் வருகிறது? பாட்டு அந்த இளமையை "அளிது" என்கிறது. இரங்கத்தக்கது என்றும் கொள்ளலாம், அன்புக்குரியது என்றும் கொள்ளலாம். தன் பழைய ஆளைப் பார்த்து இவர் ஏளனம் செய்யவில்லை, பொறாமைப்படவும் இல்லை. நம்மில் பலருக்கு நம்முடைய பழைய படத்தைப் பார்க்கும்போது இப்படிப் பார்க்க வருவதில்லை.

பதில்களை எழுதுங்கள். மனதிலேயே வைத்துக்கொண்டால் அவை நமக்குச் சாதகமாகத் திரிந்துகொண்டே இருக்கும். இரண்டாம் படியில் மூலையில் குறித்து வைத்தீர்களே, கவிதையில் இல்லாமல் நீங்களாகச் சேர்த்த சொல், அதை இப்போது எடுங்கள். முதியவர் என்றதும் தனிமை என்று எழுதியவருக்கு, முதுமையைப் பற்றிய பயம் எங்கே இருக்கிறது என்று அந்தச் சொல் காட்டிவிடும்.

ஆறாம் படி: ஒரே வாக்கியம், அப்புறம் சோதனை

கிடைத்ததை ஒரே வாக்கியத்தில் எழுத முயலுங்கள். எழுதியதும் மூன்று விதத்தில் சோதியுங்கள். கவிதை இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியுமா? இது எந்த வரியிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? இதற்கு எதிராகப் பேசும் வரி ஏதாவது கவிதையில் இருக்கிறதா?

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். வாசகர் ஒருவர் முதலில் "இளமை திரும்பி வராது" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். அடுத்து, "நான் இழந்தது இளமையை அல்ல, ஒளிக்கத் தெரியாத அந்தக் கூட்டத்தை" என்று எழுதுகிறார். இது நல்ல வாக்கியம், ஐந்தாம் வரியில் விரல் வைக்கலாம். ஆனால் மூன்றாவது சோதனையில் இடிக்கிறது. பாட்டு "கல்லா இளமை அளிதோ" என்று இளமையைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறது, கூட்டத்தை அல்ல. அதனால் அவர் திருத்துகிறார்: "அந்தக் கூட்டத்தோடு இருந்தபோதுதான் நான் ஆழத்துக்குக் குதித்தேன். மறைக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஆழம் பக்கம் போகவே இல்லை." இதில் கூட்டம், கிளை, மடு, மறைத்தல் எல்லாம் பாட்டிலிருந்து வந்தவை. இவற்றைச் சேர்த்துக் கட்டியது அவருடைய வாழ்க்கை. ஒரு வாக்கியம் இரண்டாகிவிட்டது, பரவாயில்லை. நான் தேடச் சொல்வது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

ஏழாம் படி: பக்கத்தில் இன்னொரு கவிதை

ஒரே கவிதையோடு ரொம்ப நேரம் இருந்தால் அது சொல்வதே உண்மை என்று ஆகிவிடும். மாற்றத்தை வேறு விதமாகப் பார்க்கிற ஒன்றை எடுத்து அருகில் வையுங்கள். புறநானூற்றிலேயே இருக்கிறது: 192, கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே யாவரும் கேளிர்". முதல் வரி எல்லோருக்கும் மனப்பாடம். அதன் நடுவில் வருவதை மறந்துவிடுவோம். மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பெரிய ஆற்றில் "நீர்வழிப் படூஉம் புணைபோல்", அதாவது நீரோடு போகும் தெப்பம்போல், உயிர் முறைவழிப் போகும் என்கிறார் அவர். அதனால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார்.

இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. ஒருவர் அதில் குதித்து அடியைத் தொட்டுத் திரும்புகிறார். இன்னொருவரின் புணை நீர் போகும் வழியில் போகிறது. ஒருவர் தெளிந்தோம் என்கிறார், ஒருவர் எங்கே என்று கேட்டபடி முடிக்கிறார். தெளிவு உயர்ந்தது, ஏக்கம் தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. என் மனம் அதிகம் சாய்வது கேள்வியோடு நிற்கும் கிழவரின் பக்கம். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதில் நீங்கள் குதித்தீர்களா, மிதந்தீர்களா என்று பாருங்கள். நாம் வெளியே சொல்லிக்கொள்வதும் உண்மையில் நடந்ததும் இங்கே அடிக்கடி வேறு வேறாக இருக்கும்.

எட்டாம் படி: தள்ளி வைத்துவிட்டு மறுபடி

எழுதியதில் தேதி போட்டு மூடி வையுங்கள். உடனே அதை ஒரு தீர்மானமாக மாற்ற வேண்டாம். "இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன்" என்று சபதம் எடுத்தால், கண்டுபிடித்ததைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பது அங்கேயே நின்றுவிடும். சில மாதம் கழித்துக் கவிதையை மட்டும் முதலில் படியுங்கள், பழைய குறிப்பை அப்புறம் திறங்கள். நிற்கிற இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கவிதை அப்படியேதான் இருக்கிறது. அதனால் நிற்கிற இடம் நகர்ந்திருந்தால் நகர்ந்தது நீங்கள். உங்கள் மாற்றத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிற வேறு வழி எனக்குத் தெரியாது.

அடிக்கடி வரும் இரண்டு சந்தேகங்கள்

"கவிஞர் இதையெல்லாம் நினைத்து எழுதினாரா?" நமக்கு இந்தக் கவிஞரின் இயற்பெயர்கூடக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் "தொடித்தலை விழுத்தண்டு" என்ற தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது. குளத்தில் குதித்தவர் என்று இல்லை, தடி ஊன்றியவர் என்றுதான் அவரை அழைக்கிறோம். அவர் மனதில் இருந்ததை யாராலும் கேட்டுவர முடியாது. கவிதையில் உள்ள சொற்கள் இடம் கொடுக்கிற வரை உங்கள் வாசிப்பு செல்லும். அந்தச் சொற்கள் மறுக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது சோதனை அதற்காகத்தான்.

"எத்தனை முறை படித்தும் எதுவும் தோன்றவில்லையே?" நடக்கும். அப்படியானால் நான்காம் படிக்குத் திரும்பி, பிடித்த இடத்தைத் தேடாமல், நீங்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற வரி எது என்று பாருங்கள். இந்தப் பாட்டில் பலர் தாண்டுவது நடுக்கத்தையும் இருமலையும். அங்கேயும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் கவிதையை மாற்றுங்கள். எல்லாக் கவிதையும் எல்லா வயதிலும் திறப்பதில்லை. வேறு சிறிய கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.